விசைப்படகு டீசல் ஃபில்டர்: மாற்றுவதா, தொடாமல் விடுவதா?

கோட்டைப்பட்டினத்திலிருந்து ஒரு கேள்வி

மீன்பிடித் தடைக்காலத்தில் படகைக் கரையேற்றிப் பெயிண்ட் அடித்து, டீசல் ஃபில்டர் இரண்டையும் புதிதாகப் போட்டோம். கடலில் இறக்கி ஓட்டினால் கால் மணி நேரம் நன்றாக ஓடுகிறது, அப்புறம் இழுவை குறைந்து நின்றுவிடுகிறது. பழைய ஃபில்டரோடு ஒரு குறையும் இல்லாமல் ஓடிய எஞ்சின் இது. லேலண்டு 6 சிலிண்டர், லைன் பம்ப் (நாசில்களுக்கு அழுத்தத்தோடு டீசல் அனுப்புகிற பழைய வகைப் பம்ப்), டேங்குக்குப் பக்கத்தில் தண்ணீர் பிரிக்கிற ஃபில்டர் ஒன்று. எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் “ஓடுகிற ஃபில்டரைத் தொடாதே” என்கிறார். அவர் சொல்வதுதான் சரியா அண்ணே?

22.05.2023, காலை

இல்லை தம்பி. அந்தப் பெரியவர் எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறார் என்பது எனக்குப் புரிகிறது. ஃபில்டர் மாற்றிய அன்றைக்கே எஞ்சின் மக்கர் செய்வதை நாகப்பட்டினம் ஜெட்டியில் நானும் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் அங்கே கெடுத்தது புது ஃபில்டர் இல்லை, அதை மூடிய விதம்.

டேங்கிலிருந்து ஃபீடு பம்ப் (டேங்கிலிருந்து டீசலை இழுத்துக் கொடுக்கிற சின்னப் பம்ப்) வரை உள்ள குழாய் உறிஞ்சுகிற பக்கம். எஞ்சின் ஓடும்போது அங்கே ஒரு வாஷர் சரியாக உட்காராவிட்டால் டீசல் வெளியே ஒழுகாது, காற்று உள்ளே போகும். ஃபீடு பம்ப்பைத் தாண்டினால் அழுத்தமான பக்கம், அங்கே ஓட்டை இருந்தால் ஒழுகிக் கண்ணில் படும். எனவே “எங்கேயும் ஒழுகலையே” என்று நிம்மதி அடையாதே. ஒழுகாத பக்கத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

தண்ணீர் பிரிக்கிற ஃபில்டரின் மூடி ஓ-ரிங், அதன் அடியில் இருக்கிற வடிகால் திருகு, ஃபீடு பம்ப் நுழைவில் உள்ள பான்ஜோ போல்ட்டின் (நடுவே டீசல் போக ஓட்டை உள்ள போல்ட்) இரண்டு காப்பர் வாஷர்கள், இந்த வரிசையில் பார். திருகுகிற மாதிரி ஃபில்டராக இருந்தால், பழைய கேஸ்கெட் தலைப்பகுதியிலேயே ஒட்டிக்கொண்டு, அதன் மேல் புதியது உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார். இரட்டைக் கேஸ்கெட் ஆளை ஏமாற்றிவிடும். கையால் முறுக்கும்போது டைட்டாகத்தான் இருக்கும்.

சந்தேகம் தீராவிட்டால் ஒரு கேனில் சுத்தமான டீசல் எடுத்து, சின்ன ஹோஸ் போட்டு நேராக ஃபீடு பம்ப்புக்குக் கொடு. ரிட்டர்ன் குழாயையும் அதே கேனில் விடு. அப்படி ஓட்டி எஞ்சின் நிற்கவில்லை என்றால் கோளாறு பம்ப்புக்கு முன்னால் இருக்கிறது.

22.05.2023, இரவு

தம்பி போனில் பேசினான். கேனில் ஓட்டினால் முக்கால் மணி நேரமும் ஓடுகிறது, டேங்கில் கொடுத்தால் நிற்கிறது. பிரிப்பானுக்கும் பம்ப்புக்கும் நடுவே கண்ணாடி போல உள்ளே தெரிகிற ஹோஸ் போட்டுப் பார்த்தானாம், ஒரு குமிழி கூட இல்லை.

அப்படியென்றால் காலையில் நான் முதலில் நினைத்த காற்றுக் கசிவு இல்லை. டீசல் வரவே வழியில்லாமல் பட்டினி கிடக்கிறது. இரண்டையும் பிரித்தறிய ஃபீடு பம்ப்பில் உள்ள ஹேண்ட் பம்ப் போதும். எஞ்சின் நின்றவுடன் அதை இழு. நுரை நுரையாக, பிடிப்பில்லாமல் வந்தால் காற்று. இழுத்த பிளஞ்சர் தானாக உள்ளே திரும்பினால் முன்னால் எங்கோ அடைப்பு.

நாளைக்கு எஞ்சின் நின்ற அந்த நிமிடமே டேங்க் மூடியைத் திறக்கச் சொல்லியிருக்கிறேன். காதை மூடிக்குப் பக்கத்தில் வைத்துத் திற என்றேன்.

23.05.2023

மூடியைத் திறந்ததும் “உஸ்” என்று காற்றை உள்ளே இழுத்திருக்கிறது. அப்புறம் ஒரே சாவியில் ஸ்டார்ட். டேங்கின் ஏர் பைப் வாயில் பெயிண்ட் அடித்தவர்கள் துணி சுற்றியிருந்தார்கள், அதன் மேலேயே இரண்டு கோட் பெயிண்டும் ஏறியிருந்தது. எஞ்சின் டீசலை எடுக்க எடுக்க, அந்த இடத்தை நிரப்ப டேங்குக்குள் காற்று போக வழியில்லை. கால் மணி நேரத்தில் உறிஞ்ச முடியாத நிலை.

ஃபில்டரும் பெயிண்டும் ஒரே வாரத்தில் நடந்த வேலை. பழி ஃபில்டர் மேல் விழுந்துவிட்டது. அந்தப் பெரியவரிடம் போய் இதைச் சொல், அவரைக் குறை சொல்வதற்காக இல்லை. அவர் பேச்சைக் கேட்டு ஃபில்டரைத் தொடாமல் இருக்கிற மற்ற படகுக்காரர்களுக்காக.

தடைக்காலம் முடிந்து படகு இறக்கும் எல்லோரும் ஏர் பைப்பைப் பாருங்கள். பெயிண்ட் மட்டும் இல்லை, 61 நாள் சும்மா நின்ற படகில் குளவி மண்கூடு கட்டவும் அந்த ஓட்டை போதும். ஒரு மெல்லிய கம்பியை விட்டுப் பார்க்க ஒரு நிமிடம்.

23.05.2023, மாலை

மண்டபத்திலிருந்து ஒருவர் கேட்கிறார்: அப்படியானால் ஃபில்டரை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவது?

மாதக் கணக்கு வேண்டாம், மணிக் கணக்கு வேண்டும். லாரிக்கு வந்த எஞ்சினைப் படகில் வைத்திருப்பவர்களிடம் உள்ள புத்தகம் கிலோமீட்டரில் பேசும், அது நமக்கு உதவாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு பாட்டுக்கு (ஒரு தடவை கடலுக்குப் போய் வர) 20 மணி நேரம் ஓடுகிறது, வாரம் 3 பாடு என்றால் வாரத்துக்கு 60 மணி. 250 மணி நேரத்தில் மாற்று என்று எஞ்சின் கம்பெனி சொல்லியிருந்தால், அது நான்கு வாரத்துக்குச் சற்று மேல். வருடத்துக்கு ஒருமுறை தடைக்காலத்தில் மாற்றுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். ஹவர் மீட்டர் வேலை செய்யவில்லை என்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

அதைவிட நல்ல வழி, பிரிப்பானுக்கும் ஃபீடு பம்ப்புக்கும் நடுவில் ஒரு வேக்குவம் கேஜ் (உறிஞ்சுகிற இழுப்பைக் காட்டும் மீட்டர்). புது ஃபில்டர் போட்டு முழு வேகத்தில் ஓட்டும்போது முள் எங்கே நிற்கிறது என்று எஞ்சின் ரூம் சுவரில் மார்க்கரால் எழுதி வையுங்கள். நாளாக ஆக முள் ஏறும். ஏறுவது தெரிந்தால் துறைமுகத்திலேயே மாற்றிவிடலாம், நடுக்கடலில் நின்ற பிறகு தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

25.05.2023

கழற்றிய ஃபில்டரைத் தூக்கிப் போடாதீர்கள். இதைத்தான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் பாதிக் கோளாறு கரையிலேயே பிடிபடும். நாக்கை நீட்டச் சொல்லிப் பார்க்கிற வைத்தியர் மாதிரி ஃபில்டரை வெட்டிப் பார்க்க வேண்டும். திருகுகிற வகையாக இருந்தால் தகரம் வெட்டும் கத்தரி போதும். ஆக்ஸா பிளேடு வேண்டாம். அதன் துகளே உள்ளே விழுந்து குழப்பும்.

சிவந்த பொடி வந்தால் இரும்பு டேங்க் உள்ளே துருப்பிடிக்கிறது. கறுப்பாக, வழவழவென்று, நாற்றத்தோடு இருந்தால் டீசலுக்கும் தண்ணீருக்கும் நடுவே வளர்கிற நுண்ணுயிர். டீசலைத் தின்று தண்ணீரில் வாழ்கிற பூஞ்சை, பாக்டீரியா எல்லாம் சேர்ந்தது அது. தண்ணீர் இல்லாவிட்டால் அதற்கு வாழ்வு இல்லை. காகிதம் உப்பி மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் தண்ணீர் நேராகவே வந்திருக்கிறது. வெள்ளை நூல் நூலாக இருந்தால் டேங்கை வேஸ்ட் காட்டனால் துடைத்திருக்கிறார்கள். கறுப்பு ரப்பர் துணுக்கு என்றால் ஹோஸின் உள்தோல் உரிகிறது. அந்த ஹோஸை அன்றைக்கே மாற்றுங்கள். உரிந்த தோல் உள்ளே வால்வு மாதிரி மூடி மூடித் திறக்கும், வெளியே பார்த்தால் ஹோஸ் புதிதாகவே தெரியும்.

இவற்றில் எதற்கும் புது ஃபில்டர் மருந்து இல்லை. டேங்கைத் திறந்து கழுவ வேண்டும். டேங்கில் ஆள் நுழையும் மூடி இல்லாமல் கட்டிய படகுகளைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. கட்டும்போது ஒரு நாள் கூலி, அவ்வளவுதான்.

25.05.2023, சற்று நேரம் கழித்து

துணி ஃபில்டரைக் கழுவிப் போடலாமா என்று கேட்டிருக்கிறார்கள். இரட்டைக் கிண்ண ஃபில்டரில் முதலாவது துணி அல்லது ஃபெல்ட், இரண்டாவது காகிதம். துணியைச் சுத்தமான டீசலில் கழுவிப் போடுகிற வழக்கம் உண்டு, அவசரத்துக்குச் சரி. காகிதத்தைக் கழுவவே கூடாது. காற்றடித்துச் சுத்தம் செய்வதும் கூடாது. கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழும். லைன் பம்ப்பின் பிளஞ்சருக்கும் அது ஓடுகிற பேரலுக்கும் நடுவே உள்ள இடைவெளி சில மைக்ரான்தான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கிழிசல் வழியாகப் போகிற தூசி அங்கே போய் உரசும். ஒரு ஃபில்டரின் விலையையும் பம்ப் கேலிபரேஷன் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும்.

அப்புறம் ஒன்று, ஃபீடு பம்ப் நுழைவில் ஒரு சின்னக் கம்பி வலை ஜாலி இருக்கும். அதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். இரண்டு ஃபில்டரும் புதிதாக இருந்தும் இழுவை இல்லை என்றால் அதைக் கழற்றிப் பாருங்கள்.

30.05.2023

மைக்ரானைப் பற்றி எழுதியதும் கேள்விகள் வந்துவிட்டன. ராக்கார் கம்பெனிப் பிரிப்பான் வைத்திருப்பவர்களுக்கு, உள்ளே போடும் ஃபில்டரின் நிறம்: சிவப்பு 30, நீலம் 10, பழுப்பு 2 மைக்ரான். நுணுக்கமானது நல்லது என்று டேங்க் பக்கத்திலேயே 2 மைக்ரான் போடுகிறார்கள். அப்போது எல்லா அழுக்கையும் உறிஞ்சுகிற பக்கத்திலேயே நிறுத்துகிறோம், அது சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். முதல் ஃபில்டர் பருமனான அழுக்கையும் தண்ணீரையும் பிடிக்கட்டும், 10 அல்லது 30 போதும். நுணுக்கமான வேலையை எஞ்சின் மேல் உள்ள இரண்டாவது ஃபில்டர் செய்யும். ஆனால் புதிய காமன் ரெயில் எஞ்சின் (எல்லா நாசிலுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகிற வகை) வைத்திருப்பவர்கள் எஞ்சின் புத்தகம் என்ன சொல்கிறதோ அதையே செய்யுங்கள், என் பேச்சைக் கேட்டு மாற்ற வேண்டாம்.

தண்ணீரை வடிப்பது காலையில், எஞ்சின் ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால். ராத்திரி முழுக்க அடியில் தங்கியது அப்போதுதான் வரும். ஓடி முடித்த கையோடு வடித்தால் எல்லாம் கலங்கி இருக்கும்.

04.06.2023

தண்ணீர் எங்கிருந்துதான் வருகிறது என்று தொண்டியிலிருந்து ஒருவர் கோபமாகவே கேட்டார். டீசல் பங்கில் கலப்படம் என்பது அவர் கட்சி. எல்லாவற்றையும் பங்கு மேல் போட முடியாது. பாதி டேங்க் டீசலோடு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை படகு வெயிலில் நிற்கிறது. பகலில் டேங்குக்குள் உள்ள காற்று விரிந்து வெளியே போகும், இரவில் குளிர்ந்து உப்பங்காற்றை உள்ளே இழுக்கும், அதன் ஈரம் டேங்க் சுவரில் வியர்த்து அடியில் இறங்கும். டீசலைவிடத் தண்ணீர் கனம், அடியிலேயே கிடக்கும். அதனால் நிறுத்தும்போது டேங்கை நிரப்பி நிறுத்துவது நல்லது. அவ்வளவு பணத்தை இரண்டு மாதம் முடக்க முடியாது என்பவர்கள் முழுக்க வடித்துக் காயவிடுங்கள். பாதியில் விடுவதுதான் மோசம்.

இன்னொரு வழி, டெக்கில் நிற்கிற டிரம். மூடி மேலே இருக்க நிறுத்தினால் மழைத் தண்ணீர் அந்த விளிம்புக்குள் தேங்கும். டிரம் குளிரும்போது மூடித் திருகு வழியாக அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இது தினமும் நடக்கும். டிரம்மைக் கொஞ்சம் சாய்த்து, மூடி தாழ்ந்த பக்கம் வராமல் வையுங்கள். அல்லது தார்ப்பாய் போடுங்கள்.

06.06.2023

நடுக்கடலில் மாற்ற வேண்டி வந்தால் என்ன செய்வது என்பதைப் பற்றி எழுதாமல் இதுவரை வந்துவிட்டேன். அதுதான் முக்கியம்.

பாக் நீரிணையில் எஞ்சின் நின்ற படகு நின்ற இடத்தில் நிற்காது, நீவாட்டோடு (நீரோட்டத்தோடு) போகும். 1974இல் போட்ட இந்திய-இலங்கை எல்லைக் கோடு தண்ணீரில் தெரியாது, ஜிபிஎஸ்ஸில்தான் தெரியும். ஒரு வாடைக்காற்று இரவில் எங்கள் எஞ்சின் நின்றபோது டிரைவர் ஜிபிஎஸ்ஸைப் பார்த்துக்கொண்டே நின்றார், நான் டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு கிண்ணத்தைக் கழற்றினேன். நங்கூரம் பிடித்திருந்ததால் கை நடுங்காமல் வேலை செய்ய முடிந்தது. ஆகவே ஸ்பேனரை எடுப்பதற்கு முன் நங்கூரம் போடுங்கள். அங்கே ஆழம் குறைவு, பிடிக்கும். எல்லைக் கோட்டை நோக்கி இழுத்துப் போகிறது என்று தெரிந்தால் காத்திருக்காமல் விஎச்எஃப் 16இல் சொல்லுங்கள், சிக்னல் கிடைத்தால் கடலோரக் காவல்படை எண் 1554.

மாற்றும் முறை: டேங்க் வால்வை மூடு. அடியில் வாளி வை. கழற்று, துடை (நூல் விடாத துணி), புது ஓ-ரிங்கில் டீசல் தடவிப் போடு. திருகுகிற வகை என்றால் கேஸ்கெட் தொட்ட பிறகு கையால் அரைச் சுற்று முதல் முக்கால் சுற்று. ஸ்பேனர் போட்டு முறுக்காதே. வால்வைத் திற. ஃபில்டர் தலையில் உள்ள ஏர் திருகைத் தளர்த்தி ஹேண்ட் பம்ப் அடி. குமிழி நின்று சுத்த டீசல் வந்ததும் பம்ப் அடித்தபடியே திருகை மூடு. பிறகு எஃப்.ஐ.பி. (நாசிலுக்கு டீசல் அனுப்புகிற லைன் பம்ப்) மேல் உள்ள திருகிலும் அப்படியே. அதற்கும் ஸ்டார்ட் ஆகாவிட்டால் இரண்டு நாசிலின் பைப் நட்டைத் தளர்த்தி ஸ்டார்ட்டரைச் சுற்று, டீசல் துப்பியதும் இறுக்கு.

சின்ன எஞ்சினில் நெம்புகோல் வகை ஃபீடு பம்ப் இருந்தால், சிலசமயம் கையால் அடிக்கும்போது அது வேலையே செய்யாது. எஞ்சினுக்குள் சுற்றுகிற கேம் (அந்த நெம்புகோலைத் தள்ளும் மேடு) அதைத் தூக்கிப் பிடித்திருக்கும். எஞ்சினை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி அடியுங்கள். இதைத் தெரியாமல் நல்ல பம்ப்பைக் கழற்றிப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

06.06.2023, இரவு

மேலே எழுதியதில் நாசில் நட்டைத் தளர்த்துவது பழைய லைன் பம்ப் எஞ்சினுக்கு மட்டும். இதைத் தனியாக எழுத வேண்டும் என்று தோன்றியது. காமன் ரெயில் எஞ்சினில் அந்தக் குழாய்க்குள் 1500 பாருக்கு மேல் அழுத்தம் இருக்கும். தளர்த்தினால் ஊசி மாதிரி வருகிற டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் போகும். வெளியே சின்ன முள் குத்தியது போலத்தான் தெரியும், வலியும் முதலில் அதிகம் இருக்காது. அது அறுவைச் சிகிச்சை வரை போகிற காயம், விரலையே இழக்கலாம். கசிவு எங்கே என்று கையால் தடவிப் பார்ப்பதும் கூடாது, ஒரு அட்டைத் துண்டைக் காட்டுங்கள்.

சமீப காலத்தில் இந்த எஞ்சின் போட்ட படகுகள் வருகின்றன. பழைய லைன் பம்ப்பில் வளர்ந்த கைகள் அதே பழக்கத்தில் அதைத் திறக்கின்றன. உங்கள் படகில் இளம் பையன்கள் இருந்தால் இதை வாயால் சொல்லிக் கொடுங்கள்.

12.06.2023

புது ஃபில்டருக்குள் டீசல் ஊற்றிப் போடலாமா? முதல் பிரிப்பானில் ஊற்றலாம், அதற்குப் பின்னால் இன்னொரு ஃபில்டர் இருக்கிறது. எஞ்சின் மேல் உள்ள கடைசி ஃபில்டரில் கேனிலிருந்து ஊற்ற வேண்டாம். நடு ஓட்டை வழியாக ஊற்றுகிற டீசல் வடிகட்டாமலே பம்ப்புக்குப் போகும். காலியாகப் போட்டு ஹேண்ட் பம்ப் அடித்து நிரப்புங்கள், கை வலிக்கும், பரவாயில்லை.

காப்பர் வாஷர் புதிது கிடைக்காத இடத்தில் பழையதை அடுப்பில் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டால் மறுபடி மென்மையாகும். அலுமினிய வாஷரை அப்படிச் செய்யாதீர்கள், உருகிவிடும்.

படகில் இரண்டு செட் ஃபில்டர், ஓ-ரிங், வாஷர், நான்கைந்து ஹோஸ் கிளிப், எல்லாம் ஒரே மூடிய டப்பாவில். விலை மலிவு என்று பெயர் தெரியாத ஃபில்டர் வாங்கினால் அசலுக்குப் பக்கத்தில் வைத்து மடிப்புகளைப் பாருங்கள். குறைவான மடிப்பு, ஒழுங்கில்லாத பசை இருந்தால் திருப்பிக் கொடுங்கள். பழைய ஃபில்டரையும் வடித்த டீசலையும் கடலில் வீசாதீர்கள். நாளைக்கு வலை போடப்போவது அதே தண்ணீரில்.

14.06.2023

கோட்டைப்பட்டினத் தம்பி கடைசியாக ஒன்று கேட்டான்: இன்றிரவு தடைக்காலம் முடிந்ததும் கிளம்பலாம், அதற்கு முன் ஜெட்டியில் எவ்வளவு நேரம் ஓட்டிப் பார்த்தால் நம்பலாம்?

ஐடிலில் (சுமை இல்லாமல், குறைந்த வேகத்தில்) எவ்வளவு நேரம் ஓடினாலும் நம்பாதே. ஐடிலில் எஞ்சின் குடிக்கிற டீசல் கொஞ்சம், அடைத்த ஃபில்டரும் அவ்வளவைக் கொடுத்துவிடும். கயிற்றை இரட்டையாகக் கட்டி, பக்கத்துப் படகுக்காரரிடம் சொல்லிவிட்டு, கியர் போட்டு சுமையோடு அரை மணி நேரம் ஓட்டு. உனக்கு கால் மணியில் நின்ற எஞ்சின், அதனால் அதைத் தாண்ட வேண்டும். ஓடும்போதே பிரிப்பான் கிண்ணத்தில் குமிழி ஏறுகிறதா, கேஜ் முள் எங்கே நிற்கிறது என்று பார். நிறுத்தி, எல்லா இணைப்பையும் காய்ந்த துணியால் ஒற்றிப் பார். பத்து நிமிடம் கழித்து மறுபடி ஸ்டார்ட் செய். உடனே பிடித்தால் கிளம்பு. இழுத்து இழுத்துப் பிடித்தால் இன்னும் எங்கோ காற்று நுழைகிறது, மூடி ஓ-ரிங்கிலிருந்து மறுபடி ஆரம்பி.